மின்சார பஸ் மலையேறும். எந்த மலைக்கு என்பதுதான் பேச்சு

கேள்வி சுருக்கமாக இது: "மலைநாட்டுக்கு மின்சார பஸ் வந்தால் சனங்களுக்கும் சுற்றாடலுக்கும் உண்மையில் என்ன மாறும்? நம்ம ஏற்றத்தில் அது ஏறுமா? கரண்டே நிலக்கரியில் வருகிறது என்றால் புகை குறைந்தது என்று சொல்வது ஏமாற்று இல்லையா? மாமாவுக்கு ஹட்டன் - மஸ்கெலியா ரோட்டில் ஒரு பஸ் ஓடுகிறது, லீசிங் இன்னும் முடியவில்லை. அவர் இப்போதே மின்சாரத்துக்கு மாறலாமா?"

மாமாவின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். நான் இலங்கை மலைநாட்டில் பஸ் டிப்போ ஒன்றின் கராஜில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து ஃபோர்மனாக வெளியே வந்தவன், மொத்தம் 27 வருடம். டீசல் எஞ்சினின் குணம் கையில் ஊறியிருக்கிறது. மின்சார வண்டிகளைப் பற்றி ஓய்வுக்குப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். அதனால் கராஜ்காரன் பார்வை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏற்றம். இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. செகண்ட் ஹேண்டாக வந்த மின்சாரக் கார்களை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறி, றம்பொடைக்குப் பக்கத்தில் பெட்டரி இறங்கி நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது கிழட்டுப் பெட்டரியின் குற்றம், மோட்டாரின் குற்றம் இல்லை. ஏற்றத்தில் மோட்டார்தான் கெட்டிக்காரன். டீசல் எஞ்சின் நன்றாக இழுக்க அதற்கென்று ஒரு வேகத்தில் சுற்ற வேண்டும். வளைவில் வேகம் செத்துப்போனால் கியரைக் குறைத்து, கிளட்சைக் கருக்கி, பின்னால் வருகிறவன் முகத்தில் கறுப்புப் புகையை அடித்துத்தான் திரும்ப எடுபடும். மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு இழுவையும் கிடைக்கும். இந்தியாவில் மணாலியிலிருந்து ரோஹ்தாங் கணவாய்ப் பக்கம் 2017 இலேயே மின்சார பஸ் விட்டார்கள். அந்தக் கணவாய் 3,900 மீற்றருக்கும் மேலே. நம்ம நுவரெலியா 1,868 மீற்றர்தான்.

ஏறுவதற்கு எவ்வளவு கரண்ட் போகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய வித்தை இல்லை. ஆட்களோடு 12 தொன் எடையுள்ள நடுத்தர பஸ் ஒன்று கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறது என்று வையுங்கள். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். ஆக 1,370 மீற்றர் தூக்க வேண்டும். அந்தத் தூக்கலுக்கு மட்டும் சுமார் 45 யூனிட். மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் 53 யூனிட். தூரம் ஒரு 75 கிலோமீற்றர், சமதரையில் கிலோமீற்றருக்கு 0.9 யூனிட் என்று பிடித்தால் அது 68. ஏறி முடிக்கும்போது 120 யூனிட் போயிருக்கும். இந்த அளவு பஸ்ஸில் 150 முதல் 200 யூனிட் வரை பிடிக்கும் பெட்டரி போடுகிறார்கள். ஏறிவிடும், மிச்சமும் இருக்கும்.

ஆனால் எனக்கு ஆசை ஏற்றத்தின் மேல் இல்லை, இறக்கத்தின் மேல்தான்.

டீசல் பஸ் இறங்கும்போது அந்த 1,370 மீற்றரின் சக்தி முழுவதும் எங்கே போகிறது தெரியுமா? பிரேக் ட்ரம்மில் சூடாகப் போகிறது. கடுகண்ணாவையில், றம்பொடையில், மஹியங்கனை ரோட்டின் 18 வளைவில் இறங்கி வந்த பஸ்ஸின் சில்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அடுப்பு மாதிரி அனல் அடிக்கும். ட்ரம் அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் லைனிங் பிடிப்பை இழக்கும், பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது. "பிரேக் போயிருச்சு" என்று பேப்பரில் வரும் விபத்துகளில் எத்தனையோ இப்படித்தான். அதனால்தான் அனுபவமுள்ள சாரதி பிரேக்கை நம்பாமல் கியரில் இறக்குவார். கியரை நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும்.

மின்சார பஸ்ஸில் இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாக மாறிவிடும். சில்லு அதைச் சுற்றும், அது கரண்டைப் பெட்டரிக்குள் திருப்பிப் போடும், அந்த வேலையே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கைத் தொடாமலே பாதி மலை இறங்கலாம். நான் போட்ட கணக்கில் இறங்கும்போது ஒரு 29 யூனிட் திரும்பி வரும். அதனால் ஏற 120 யூனிட் தின்ற வண்டி இறங்க 40 யூனிட்டோடு முடித்துக்கொள்ளும். லைனிங் பல மடங்கு காலம் உழைக்கும். லைனிங் தேய்ந்து பறக்கும் தூசியும் மனிதன் சுவாசிக்கிற தூசிதான் என்பதை யாரும் நினைப்பதில்லை. அதுவும் குறையும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் கரண்டுக்குப் போக இடம் இல்லை. மேலே நுவரெலியாவில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் நூற்றுக்கு நூறாக வண்டியை எடுத்துக்கொண்டு நேரே இறக்கத்தில் விட்டால், மோட்டார் பிடிக்காது. பழையபடி லைனிங்தான் பிடிக்க வேண்டும். மேலே இருக்கும் டிப்போ 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும், நிறைக்கிற வேலையைக் கீழே கண்டியிலோ கம்பளையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் படித்துவிட்டு வரும் பொறியியலாளருக்கு இது சட்டென்று தோன்றாது. டெண்டர் எழுதும்போதே மலைநாட்டுச் சாரதி நாலு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் தோன்றும்.

குளிர் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி விழும், உண்மைதான். ஆனால் பெட்டரிக்குத் தொல்லை கொடுக்கிற குளிர் அதற்கும் கீழே, அதுவும் நாள் கணக்காக இருக்க வேண்டும். மறுபக்கம் பாருங்கள், கொழும்பில் ஓடும் பஸ்ஸின் கரண்டில் நல்ல பங்கை ஏசி குடித்துவிடும். இங்கே ஏசியே வேண்டாம். கண்ணாடியில் படியும் ஈரத்தைத் துடைக்க ஒரு காற்றாடி போதும்.

சரி, சுற்றாடல். இங்கே இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று மூக்கில் ஏறும் புகை. மற்றது வானத்துக்குப் போகும் கார்பன்.

மூக்கில் ஏறும் புகையில் வாதமே இல்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகை எங்கே நிற்கிறது என்பதுதான் மலைநாட்டின் தனிப் பிரச்சினை. கண்டி ஒரு கிண்ணம். சுற்றிலும் மலை, நடுவில் வாவி. குளிர்ந்த காலையில் மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும், கீழே உள்ள புகைக்கு வெளியேற வழி இருக்காது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரமும் அதேதான். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் காலை ஏழு மணிக்கு ஒரு கைலேஞ்சியை மூக்கில் வைத்து நடந்து பாருங்கள், கைலேஞ்சியே சொல்லும். பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டியின் காற்றைப் பற்றிப் பல வருடமாக எச்சரித்து வருகிறார்கள். ஹட்டன் டவுனும் சின்ன அளவில் அதேதான்: ஒரே ஒரு மெயின் ரோட்டு, இரண்டு பக்கமும் கடை, நடுவில் ஸ்டார்ட்டில் நிற்கும் பஸ்கள். அந்தக் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண் பிள்ளைகளுக்குத்தான் முதல் லாபம். பஸ்ஸில் போகிறவன் ஒரு மணி நேரம் சுவாசிப்பதை அவர்கள் பத்து மணி நேரம் சுவாசிக்கிறார்கள்.

கார்பன் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. என் கணக்கில் கண்டி - நுவரெலியா போய்வர 160 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 180. அதே ஓட்டத்துக்கு டீசல் பஸ் ஒரு 45 லீற்றர் குடிக்கும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு, ஆக 120 கிலோ சொச்சம். இப்போது அந்த 180 யூனிட்டும் நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வந்தது என்றால், யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவில் 180 கிலோ. டீசலை விட மோசம்! அதே கரண்ட் தண்ணீரிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தால் கிட்டத்தட்டப் பூச்சியம். இரண்டும் கலந்து பாதிக்குப் பாதி வந்தால் 90 கிலோ, ஏதோ கொஞ்சம் லாபம்.

எங்கள் பக்கம் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் மாதங்களில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தலை காட்டும். சனங்கள் போய்ப் பார்த்து, படம் எடுத்து வருவார்கள். கோயில் தெரிகிறது என்றால் லக்ஷபான நீர்மின் நிலையங்களில் கரண்ட் குறைவு, நிலக்கரியும் எண்ணெயும் அதிகம் என்று அர்த்தம். கோயில் மூழ்கியிருந்தால் மின்சார பஸ் சுத்தமான பஸ். கோயில் தெரிந்தால் அது பாதி நிலக்கரி பஸ்.

ஆனால் இப்போது வெயிலும் கணக்கில் சேர்ந்துவிட்டது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்க வேண்டும் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா? பகலில் கரண்ட் தேவைக்கு மேல் வருகிறது, வாங்கிப் பாவிக்க ஆள் இல்லை. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கும் தேவை குறைந்து சோலார் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது எங்கள் பஸ் ஸ்டாண்டைப் பாருங்கள். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை நெரிசல். அப்புறம் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும்வரை பாதி பஸ்கள் சும்மா நிற்கின்றன. சாரதி டீ குடிக்கிறார், கண்டக்டர் பின் சீட்டில் தூங்குகிறார். நாட்டில் கரண்ட் மிஞ்சும் நேரமும், மலைநாட்டு பஸ் சும்மா நிற்கும் நேரமும் ஒன்றேதான். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஸ்டாண்டிலேயே சார்ஜ் ஏற்ற வசதி இருந்தால் அந்த பஸ் வெயிலில் ஓடுகிற பஸ். அதே பஸ்ஸை மாலை ஆறரைக்கு டிப்போவில் கொண்டுபோய்ச் செருகினால், நாடே லைட் போட்டுச் சோறு ஆக்கும் நேரம், அதற்கென்று எண்ணெய் எரிக்க வேண்டும். மாலை ஆறரை முதல் பத்தரை வரை யூனிட் விலையும் உச்சத்தில். ஆக, மின்சார பஸ் சுற்றாடலுக்கு நல்லதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் பஸ்ஸில் இல்லை, டைம்டேபிளில் இருக்கிறது.

இதற்கு டிப்போவில் வேண்டியது சாதாரண பிளக் இல்லை. 20 பஸ், ஒவ்வொன்றும் 100 யூனிட், ஆறு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால் 330 கிலோவாட் தொடர்ந்து இழுக்கும். 33 கிலோவோல்ட் லைனிலிருந்து தனி டிரான்ஸ்போமர் இறக்க வேண்டும். கொழும்பில் அது ஒரு மாத வேலை. இங்கே மரம் விழுந்தால் லைன் போகும், மண் சரிந்தால் தூணே போகும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்ததை யாருக்கும் சொல்லத் தேவையில்லை: ரோட்டும் இல்லை, ரயிலும் இல்லை, கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்படி ஒரு நாளில் டிப்போ முழுக்க மின்சார பஸ்ஸாக இருந்தால் என்ன செய்வது? அதனால் என் அபிப்பிராயம், மலைநாட்டு டிப்போ எதிலும் நூற்றுக்கு நூறு மாறக் கூடாது. மூன்றில் ஒன்றாவது டீசலாக இருக்கட்டும். மறுபக்கமும் ஒன்று உண்டு. 150 யூனிட் நிறைந்த ஒரு பஸ்ஸை, அதற்கான அவுட்லெட் வைத்து வாங்கியிருந்தால், கரண்ட் போன தோட்ட வைத்தியசாலையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். மருந்து ஃபிரிட்ஜும் நாலு லைட்டும் நாள் கணக்கில் ஓடும். டீசல் பஸ்ஸால் அது முடியாது.

இனிச் சனங்கள். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1918 இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் இந்த மலையின் தண்ணீரில் நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். வெள்ளைக்காரன் இழுத்தடித்து, லக்ஷபானவில் முதல் மின்நிலையம் 1950 இல்தான் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை, நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், பிறகு கொத்மலை, 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. அணைகள் எங்கள் வாசலில், கம்பிகள் எங்கள் தலைக்கு மேலே, வெளிச்சம் கொழும்பில். அந்தக் கம்பிக்கு நேர் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் 90களிலும் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளில் என் தங்கச்சியும் ஒருத்தி. மின்சார பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் வாடைதான்.

நடக்கக் கூடியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். புது மின்சார பஸ் வந்தால் அது முதலில் கண்டி வாவியைச் சுற்றும், நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றும். வெளிநாட்டுக்காரர் படம் எடுப்பார், அமைச்சர் ரிப்பன் வெட்டுவார். அங்கே ஓடிக்கொண்டிருந்த டீசல் பஸ் என்ன ஆகும்? குப்பைக்குப் போகாது. பெயின்ட் அடித்து, "தோட்டப் பாதைக்கு" என்று மேலே அனுப்புவார்கள். கராஜில் இருந்தபோது இதை எத்தனையோ தடவை பார்த்தேன். கொழும்பு ஓட்டத்துக்கு உதவாது என்று கழித்த வண்டி எங்களுக்குப் "புதிதாக" வரும், நாங்கள் அதற்கு எஞ்சினைத் திறந்து, ஒரு வருடத்துக்கு உயிர் கொடுத்து அனுப்புவோம். அது தோட்டத்து டிவிஷன் ரோட்டில் பாதி வழியில் நிற்கும், கொழுந்து நிறுத்துவிட்டு டவுனுக்குக் கிளம்பிய பெண்கள் இறங்கி நடப்பார்கள். இந்த முறையும் அப்படியே நடந்தால் புகை குறையாது. டவுனிலிருந்து லயத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். டவுனில் காற்று அளக்கும் மெஷின் நல்ல நம்பர் காட்டும். லயத்தில் மெஷின் ஏது?

ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: கழிக்கிற டீசல் பஸ் எங்கே போகிறது? வெட்டி இரும்புக்குப் போடுவதாக எழுத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பழைய பஸ் எந்த ரூட்டில் ஓடும் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மின்சார பஸ்ஸுக்குத் தோட்டப் பாதைதான் உண்மையில் நன்றாகப் பொருந்தும் என்பது இதில் உள்ள வேடிக்கை. தூரம் குறைவு, வேகம் குறைவு, வளைவுக்கு வளைவு நிறுத்தி எடுக்க வேண்டும், ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும். டீசல் எஞ்சின் சீக்கிரம் சாவது இப்படிப்பட்ட ஓட்டத்தில்தான். மோட்டாருக்கோ இது அல்வா. ஆனால் 12 மீற்றர் நீளத் தாழ்தள பஸ்ஸைக் கொண்டுவந்தால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அடி உரசி நின்றுவிடும். வெள்ளைக்காரன் காலத்துப் பாலமும், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் போக்கும் பெட்டரிக் கனத்தோடு வரும் வண்டியைத் தாங்குமா என்றும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏழு, எட்டு மீற்றர் வண்டி, உயரமான அடித்தளம், படிக்கட்டு மட்டும் தாழ்வாக, கர்ப்பிணிப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாத அளவுக்கு. நேபாளத்தில் இந்த வேலை நடக்கிறது. அவர்களுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரில், ரோட்டும் நம்மைவிட மோசம். காத்மண்டுவில் சாஜா யாதாயாத் கூட்டுறவு 2022 இல் 40 மின்சார பஸ்களை இறக்கியது. ஆனால் மலைப் பாதையில் ஊர் ஊராகப் பரவியது பெரிய பஸ் இல்லை, சின்ன மின்சார வேன்தான். சீனாவின் ஷென்சென் 2017 இலேயே 16,000 பஸ்களையும் மின்சாரமாக்கியதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அது சமதரை, பணக்கார நகரம், அதைப் பார்த்து நாம் கற்பது குறைவு.

பயணிகளுக்கு என்ன மாறும்? முதலில் வாந்தி குறையும், சிரிக்காதீர்கள். கையில் எலுமிச்சம்பழமும் சொப்பிங் பையும் இல்லாமல் பஸ் ஏறாத பெண்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர்! டீசல் வாடையும் எஞ்சின் அதிர்வும் பாதிக் காரணம். ஆனால் சாரதி பழகாவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அக்ஸிலரேட்டரில் காலை எடுத்தவுடன் மோட்டார் வெடுக்கென்று பிடிக்கும், மிதித்தால் வெடுக்கென்று பாயும், ஆட்களின் குடல் புரளும். சாரதிக்கு ஒரு மாதமாவது பயிற்சி வேண்டும். அப்புறம் சத்தம். மின்சார பஸ் பூனை மாதிரி வரும். எங்கள் ரோட்டில் நடைபாதை கிடையாது, பிள்ளைகளும் விறகுக்கட்டுச் சுமப்பவர்களும் ரோட்டோரத்தில்தான் நடப்பார்கள், ஐந்து மீற்றருக்கு அப்பால் பனிமூட்டம். அவர்களைக் காப்பாற்றுவது பஸ்ஸின் இரைச்சல்தான். குறைந்த வேகத்தில் தானாக ஒலி எழுப்பும் கருவி உலகத்தில் பல நாடுகளில் கட்டாயம், இங்கே வரும் வண்டியில் அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலை வளைவில் ஹோர்ன் அடிக்கும் பழக்கம் எப்படியும் சாகாது என்பது ஓர் ஆறுதல்.

கட்டணம் குறையுமா? உடனே குறையாது. பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட இரண்டு, மூன்று மடங்கு. ஆனால் ஒன்று நிச்சயம், 2022 மாதிரி ஆகாது. அந்த வருடம் மார்ச்சில் லீற்றர் 176 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபாய். பஸ்கள் நின்றன, ஓடின பஸ்ஸின் கூரையிலும் ஆட்கள். தோட்டத்திலிருந்து டவுன் வைத்தியசாலைக்கு ஆட்டோ பிடித்தால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், அப்படியே போய்விடும். டொலரில் வாங்கும் டீசலைவிட மலையில் விழும் மழையும் வெயிலும் விலையில் நிதானமானவை. மழை பொய்த்தால் கரண்ட் விலையும் ஏறும்தான், ஆனால் மூன்று மாதத்தில் இரண்டரை மடங்கு ஏறாது.

பெண்களின் பாதுகாப்பு மின்சாரத்தால் வராது. பஸ்ஸிலும் ரயிலிலும் 90 சதவீதப் பெண்கள் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. நெரிசல் குறைந்தால் அதுவும் குறையும், நெரிசல் குறைய வண்டிகள் கூட வேண்டும், கடைசி பஸ் ஆறு மணிக்கு முடியாமல் எட்டு மணி வரை ஓட வேண்டும். கார்மென்ட்ஸிலும் டவுன் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பது அதைத்தான். பஸ் டீசலா மின்சாரமா என்று அவர்கள் கேட்கவில்லை.

வேலை போகிறவர்களும் உண்டு. என் ஆட்கள்தான்: பம்ப் ரிப்பேர், கிளட்ச், கியர்பொக்ஸ், ரேடியேட்டர். மோட்டாரில் தேயும் உறுப்பு மிகக் குறைவு. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் இந்த வேலையை நம்பி வாழும் கராஜ்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்களில் இளம் ஆட்களுக்கு உயர் மின்னழுத்த வேலையை இப்போதே கற்றுக்கொடுக்காவிட்டால், ஒரு சின்ன பியூஸுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பஸ் மூன்று வாரம் நிற்கும். பெட்டரி ஒரு எட்டு, பத்து வருடத்தில் தளர்ந்துவிடும். அதை ஆற்றோரம் கொட்டக் கூடாது, விற்றவனே திரும்ப எடுக்க வேண்டும் என்று வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். மகாவலியும் களனி கங்கையும் நம்ம மலையில் பிறந்துதான் கீழே போகின்றன.

இப்போது உங்கள் மாமா. லீசிங் முடியாத வண்டியை விற்றுவிட்டு, தனி ஆளாக மின்சார பஸ் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விலை இரண்டு, மூன்று மடங்கு, வட்டி அதற்கு மேல், ஹட்டனில் பஸ்ஸுக்கு ஏற்ற சார்ஜர் வேண்டும், பெட்டரி போனால் அந்த ஒரு வண்டியோடு குடும்பமும் நிற்கும். இன்றைக்கு அவர் ஓட்டம் கலெக்ஷனில், அதாவது அன்றன்று சேரும் டிக்கெட் காசில் நடக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் ஆள் கிடைக்கும். முந்துகிற ஓட்டத்தில் மின்சார பஸ்ஸின் மிச்சம் எல்லாம் ஆவியாகிவிடும்.

ரூட்டில் உள்ள முதலாளிமார் பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து, கலெக்ஷனைப் பொதுவில் போட்டு, கிலோமீற்றர் கணக்கில் பிரித்துக்கொள்ளச் சம்மதித்தால் கதை வேறு. அப்போது இரண்டு வண்டியை முதலில் மின்சாரமாக்கிப் பார்க்கலாம், ஸ்டாண்டில் ஒரு சார்ஜருக்கு மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம் கூட்டாகக் கேட்கலாம். சிவனொளிபாதமலை சீசன், டிசம்பர் முதல் வெசாக் வரை, மஸ்கெலியா ரோட்டில் ராத்திரியும் ஆட்கள் இருப்பார்கள். அந்த ஐந்து மாத வருமானத்தை வைத்து முதல் தவணைகளைக் கணக்குப் பண்ணலாம். அதுவரை, இருக்கிற பஸ்ஸுக்கு இஞ்செக்டரைச் சுத்தம் பண்ணி, எயார் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏற்றத்தில் அடிக்கும் கறுப்புப் புகையில் நல்ல பங்கு அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.